எடை குறையாத பிளேடு

பிரிக்பீல்ட்ஸ்,
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா சாந்தமேரிக்கு,

உன் தம்பி கெல்வின் எழுதுவது. நானும் அப்பாவும் ஆண்டவர் புண்ணியத்தில் நலம். அங்கே தைப்பிங் மழையில் உன் இருமல் எப்படி இருக்கிறது? அப்பாவுக்கு முட்டி வலி. தைலம் தேய்க்கிறார், அதே கையால் கண்ணைத் துடைக்கிறார், பிறகு என்னைத் திட்டுகிறார். மற்றபடி குறையில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து உன்னைப் பார்க்க வந்தபோது, மடத்துக் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, "தெலுக் பங்லிமா காராங்குல அப்படி என்னதான்டா வேல பாக்குற?" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் உங்கள் மணி அடித்துவிட்டது. கைபேசி இல்லாத மடத்தில் அக்காவை வைத்துக்கொண்டால் எழுதித்தானே ஆக வேண்டும். இந்த வட்டாரத்தில் இன்னும் தபால்தலை வாங்கும் ஆள் நான்தானாம். போஸ்ட் ஆபீஸ் ஆன்டி சிரிக்கிறார்.

விஷயம் இதுதான். விமான எஞ்சினுக்குள் பிளேடுகள் சுற்றுகின்றன. அவற்றைச் சுற்றி வட்டமாக ஓர் உறை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடினால் காற்று கசியும், எரிபொருள் வீணாகும். குறைந்தால் பிளேடு உறையில் உரசும். அதனால் உறையின் உட்புறம் மென்மையான ஒரு பூச்சு பூசுவார்கள். உரசினால் பூச்சுதான் தேய வேண்டும், பிளேடு தேயக் கூடாது. அப்படித்தான் நடக்கிறதா என்று உரச வைத்துப் பார்ப்பது எங்கள் தொழில். ஒற்றைப் பிளேடைப் பேய் வேகத்தில் சுற்றவிட்டு, பூச்சுப் பலகையை முடியளவு முடியளவாக அதன்மேல் தள்ளுகிறோம். நாங்கள் கனத்த சுவருக்கு இந்தப் பக்கம். உரசலுக்கு முன்னும் பின்னும் பிளேடை எடை போடுவது என் வேலை.

இந்த இயந்திரத்தைக் கட்டியது வனேசா என்ற எஞ்சினியர். கிள்ளான்காரர். அவர் வேலை செய்வதை நீ பார்க்க வேண்டும், அக்கா. நாங்களெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் காதில் ஒலிவாங்கியின் சத்தத்தைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். உரசல் ஆரம்பித்ததைத் திரைக்கு முன்பே சொல்லிவிடுவார். எங்களுக்கு வெறும் இரைச்சல், அவருக்கு அது பேச்சு.

உன் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

அன்புத் தம்பி,
கெல்வின்


மடம், தைப்பிங்,
24 ஜனவரி 2025

சேசு மரி சூசை

அன்புத் தம்பி கெல்வினுக்கு,

சமாதானம் உண்டாவதாக. இருமல் போய்விட்டது. இந்த மாதம் எனக்கு அப்பம் சுடும் அறையில் வேலை. முழங்கை வரை மாவோடு இருக்கிறேன். கடிதத்தில் வெள்ளைக் கறை இருந்தால் பயப்படாதே. அப்பாவிடம், தைலம் தேய்த்ததும் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல். ரயிலையே ஓட்டியவருக்கு இது தெரியாதா என்று கேட்டதாகவும் சொல்.

உன் எஞ்சின் எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் ஒன்று. எஞ்சினைப் பற்றி எழுதும்போது உன் கையெழுத்து கோழி கிண்டியது போல் இருக்கிறது. வனேசா வந்ததும் ஒவ்வோர் எழுத்தும் குளித்து, தலை சீவி உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கோவில்? செயின்ட் ஏன்ஸா? கொஞ்சம் விவரமாக எழுது. துறவி என்றால் காது கிடையாது என்று யார் சொன்னது?

ஆசீருடன்,
அக்கா


பிரிக்பீல்ட்ஸ்,
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம்தானே? தைப்பூசத்துக்கு முதல் நாள் பத்துமலைப் பக்கம் மாட்டிக்கொண்டு மதியம்தான் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பா கை கழுவுகிறார். "மடத்துல இருந்துகிட்டே அதிகாரம் பண்றா பாரு" என்று முணுமுணுத்தபடி கழுவுகிறார்.

வனேசா மெத்தடிஸ்ட். நீ கேட்டதற்காகச் சொன்னேன், வேறொன்றுமில்லை.

பெரிய செய்தி. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தங்கள் புதிய பூச்சை எங்களிடம் சோதிக்கக் கொடுத்தது. கூடவே ஒரே ஒரு பிளேடு, பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. உரசினோம். நான் எடை போட்டேன். எடை குறையவே இல்லை! திரும்பத் திரும்பப் போட்டேன், அதே எண். பிளேடு தேயவில்லை என்றால் பூச்சு வென்றது என்று அர்த்தம். எங்கள் மேலாளர் கமலநாதன் அண்ணன் எல்லாருக்கும் பிரியாணி தாப்பாவ் பொட்டலம் வாங்கித் தந்துவிட்டார். இந்த ரிப்போர்ட் நன்றாகப் போனால் அடுத்த வேலையும் எங்களுக்குத்தான். கடனில் ஓடும் கம்பெனி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

வனேசா மட்டும் பிளேடையே பார்த்துக்கொண்டிருந்தார். "கெல்வின், எடை குறையல, அதான் எனக்குச் சந்தேகம்" என்றார். "சந்தோஷப்படுங்க லா, மிஸ்" என்றேன். "உரசுன பொருள் எப்படி அப்படியே இருக்கும்? நான் கேட்ட சத்தம் வெட்டுற சத்தம் இல்ல, இழுவுற சத்தம்" என்றார்.

அவர் நினைப்பது இதுதான். பூச்சு வெட்டுப்படவில்லை, சூட்டில் இளகி, தொடோல் இனிப்பு நறுக்கும் கத்தியில் ஒட்டுகிற மாதிரி பிளேடு நுனியில் ஒட்டிக்கொண்டது. அடியில் பிளேடு தேய்ந்திருக்கிறது. போனதும் ஒட்டியதும் சமமாகி, தராசு ஏமாந்துவிட்டது. அப்படியென்றால் அந்தப் பூச்சு எஞ்சினுக்குள் போகவே கூடாது.

நிரூபிக்க ஒரே வழிதான். பிளேடின் நுனியை அறுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அறுத்தால் பிளேடு போச்சு. சந்தேகம் தப்பென்றால் வனேசாவின் பெயரும் போச்சு.

என் தராசில் தவறில்லை, அக்கா. ஆனாலும் அவர் தராசைத் திட்டவில்லை. "உங்க எண் சரி. நாமதான் அத தப்பா படிக்கிறோம்" என்றார். தன் சந்தேகத்திலும் அடுத்தவன் வேலையை மதிக்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

தம்பி கெல்வின்


மடம், தைப்பிங்,
27 பிப்ரவரி 2025

சேசு மரி சூசை

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அடுத்த புதன்கிழமை சாம்பல் புதன். தவக்காலம் முழுக்க எங்களுக்குக் கடிதம் எழுதவோ படிக்கவோ அனுமதி இல்லை என்பது உனக்குத் தெரியும். வருகிற கடிதங்களைத் தலைமை அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். உயிர்ப்பு ஞாயிறு முடிந்து மொத்தமாகக் கைக்கு வரும். நீ எழுதுவதை நிறுத்தாதே. பதில் வராது என்று தெரிந்தால் மனிதர்கள் இன்னும் நன்றாக எழுதுகிறார்கள்.

அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. எல்லாரும் பிரியாணி சாப்பிடும்போது, "பொறு, இது சரியில்லை" என்று சொல்ல நெஞ்சில் துணிச்சல் வேண்டும். அவள் தனியாக நிற்கப் போகிறாளே என்றுதான் கவலை. பிளேடை அறுத்தார்களா இல்லையா என்று தெரியாமல் நாற்பது நாள் நான் எப்படி இருப்பேன்? இந்த வருடம் என் ஒறுத்தல் இதுதான் போலிருக்கிறது.

அக்கா


பிரிக்பீல்ட்ஸ்,
13 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பிஸ்கட் டின்னில் சுகமாக இருக்கப்போகும் கடிதம் இது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டி வலி குறைவு. செவ்வாய்க்கிழமை காலை அவரோடு பாசாருக்குப் போனேன். மீன்காரரிடம் அரை மணி நேரம் பேரம் பேசிவிட்டு, கடைசியில் கீரை வாங்கி வந்தார்.

பிளேடை இன்னும் அறுக்கவில்லை. ரிப்போர்ட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும். எஞ்சினியருடையது ஒன்று, எடை போட்டவனுடையது ஒன்று. வனேசா போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கமலநாதன் அண்ணன் கத்தவில்லை. "இத்தன பேர் சம்பளம்மா, கொஞ்சம் நெனச்சுப் பாரு" என்று கேட்டார். "நெனச்சதுனாலதான் சார் போடல" என்றார் வனேசா.

பிறகு கமலநாதன் அண்ணன் என்னையும் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அதை விடு, அது ஒன்றுமில்லை.

கடைசியில் வேறு வழியில்லாமல் அந்தக் கம்பெனிக்கே எழுதிக் கேட்டிருக்கிறார்களாம், பிளேடை அறுக்கலாமா என்று. வனேசா சொன்னார். பதில் வரவில்லையாம்.

தம்பி கெல்வின்


பிரிக்பீல்ட்ஸ்,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நோன்பில் இளைத்துவிடாதே. செமினியில் இப்போது எங்கே திரும்பினாலும் புதிய வீடுகள்தான், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. மதிய வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஹரி ராயா பெருநாளுக்குப் போன கூட்டம் இன்னும் ஊர் திரும்பவில்லை. அதனால் ரோடு மட்டும் காலி.

பதில் வந்துவிட்டதாம். அறுக்கலாம், ஆனால் தங்கள் ஆளின் கண்ணெதிரே அறுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்களாம். மே மாத ஆரம்பத்தில் அந்த ஆள் வருகிறார். வனேசா சொன்னார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்றும் சொன்னார். "நான் கேட்டது தப்பா இருந்தா என்ன பண்றது கெல்வின்?" என்று போனில் கேட்டார். "தப்பா இருக்காது லா" என்றேன். வெறும் வாய்ப் பேச்சில்லை, மனதார நம்பித்தான் சொன்னேன்.

நீ இதைப் படிக்கும்போது தவக்காலம் முடிந்திருக்கும் என்பதால் எழுதுகிறேன். இவ்வளவு நேர்மையான ஒருவர் பக்கத்தில் வேலை பார்த்ததே எனக்குப் போதும். அவர் தோற்றால் எனக்குத் தாங்காது, அக்கா.

கெல்வின்


மடம், தைப்பிங்,
24 ஏப்ரல் 2025

சேசு மரி சூசை

அன்புத் தம்பி கெல்வினுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உனக்கும் அப்பாவுக்கும். உன் இரண்டு கடிதங்களும் திங்கட்கிழமை கைக்கு வந்தன. ஒன்றாக வைத்துப் படித்தேன். தனித்தனியாகப் படித்திருந்தால் ஒருவேளை நீ தப்பியிருப்பாய்.

ஜனவரியிலும் பிப்ரவரியிலும் "பார்த்தேன், எடை போட்டேன்" என்று எழுதினாய். இப்போது எல்லாம் "வனேசா சொன்னார்", "எழுதியிருக்கிறார்களாம்". ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்கிற பெண் உனக்கு ஏன் போனில் பேச வேண்டும்? செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்காரனுக்கு பாசாரில் என்ன வேலை? வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் சம்பந்தமில்லாத செமினியின் வெயில் உன் மண்டைக்கு எப்படி வந்தது? கமலநாதன் அண்ணன் அறைக்குக் கூப்பிட்டார், ஒன்றுமில்லை என்கிறாய். உன் ஒன்றுமில்லையை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். கையை ஒடித்துக்கொண்டு வந்த அன்றும் அதைத்தான் சொன்னாய்.

உனக்கு வேலை இருக்கிறதா, இல்லையா? உடனே எழுது.

கவலையுடன்,
அக்கா


கிள்ளான்,
11 மே 2025

மதிப்பிற்குரிய சிஸ்டர் சாந்தமேரி அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபை உங்களோடு இருப்பதாக. நான் வனேசா. உங்கள் முகவரியை உங்கள் அப்பாவிடம் வாங்கினேன். கெல்வினுக்குத் தெரியாது. நீங்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுதத் தெரியாமல் அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவதாக அப்பா சொன்னார். அதனால் நான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பிளேடை அறுத்தோம். மைக்ரோஸ்கோப்பில் எல்லாருக்கும் தெரிந்தது. நுனியில் பிளேடின் உலோகம் தேய்ந்து போயிருக்கிறது. அதன்மேல் பூச்சின் உலோகம் தொப்பி போல ஒட்டியிருக்கிறது. வந்த அதிகாரி நீண்ட நேரம் பார்த்துவிட்டு, இந்தப் பூச்சு இனி எந்த எஞ்சினுக்கும் போகாது என்றார். அடுத்த பூச்சையும் எங்களிடமே அனுப்புவதாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. கெல்வினிடம் சொல்ல போனை எடுத்தேன்.

அப்போது கமலநாதன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரிப்போர்ட் மார்ச்லயே போயிருக்கும்மா. ஒன் கையெழுத்துக்குப் பதிலா நான் போட்டிருப்பேன், கெல்வின் மட்டும் போட்டிருந்தான்னா. நெரந்தர வேல தரேன்னு கூடச் சொன்னேன். மாட்டேன்னுட்டான். கொந்தராக்க புதுப்பிக்காம நான்தான் அவன அனுப்பிட்டேன்" என்றார். முகத்தை என் பக்கம் திருப்பாமலே சொன்னார்.

சிஸ்டர், எனக்கு இது எதுவும் தெரியாது. கொந்தராக் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, செமினியில் பார்சல் கொண்டு கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது, நல்ல காற்றோட்டம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் நம்பிவிட்டேன். அவரிடம் கேட்ட கையெழுத்தில் பொய் ஒன்றும் இல்லை. அவர் போட்ட எடை சரியான எடை. அதில் கையெழுத்துப் போட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லாத நாட்களில், என் சந்தேகத்துக்காக அவர் வேலையை விட்டுவிட்டு வெயிலில் அலைந்திருக்கிறார். படித்தவர்கள், பெரியவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இவரைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை.

கமலநாதன் சார் மறுநாளே பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். நாளை மறுநாள் அவர் வேலைக்குத் திரும்புகிறார்.

இப்போது என் விஷயம். கெல்வின் தானாக வாயைத் திறந்து எதுவும் கேட்கப்போவதில்லை. மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் கேட்டு வர வேண்டும் என்பது வழக்கம். உங்கள் அம்மா இருந்திருந்தால் அவர் வந்திருப்பார். நீங்கள் மடத்தை விட்டு வர முடியாது. அதனால் நானே மாப்பிள்ளை கேட்டு எழுதுகிறேன். பெண் வீட்டார் முதலில் வந்தால் இளக்காரமாகிவிடும் என்று என் அம்மா தயங்குகிறார். உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும்.

ஜெபத்துடன்,
வனேசா


மடம், தைப்பிங்,
22 மே 2025

சேசு மரி சூசை

அன்புத் தம்பி கெல்வினுக்கு,

நலமே. உன் பதில் வரவில்லை. வேறொரு பதில் வந்தது. எல்லாம் தெரியும், மழுப்பாதே.

முதலில் உன் மேல் கோபம் வந்தது. பிறகு தோட்டத்துக்குப் போய் நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான். கடிதத்துக்குக் கடிதம் அந்தப் பெண்ணைப் புகழ்ந்தாயே, உன்னைப் பற்றி எழுத உனக்கு ஒரு வரி கிடைக்கவில்லையா? உன்னை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது, தம்பி. அம்மா இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பாள். நான் தெருவுக்கு வர முடியாததால் மடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

வனேசாவின் அம்மாவுக்கு எழுதிவிட்டேன். உங்கள் மகளைக் கேட்டு முதலில் எழுதுவது நாங்கள்தான், என்னால் வர முடியாத குறைக்கு நீங்கள் தயவுசெய்து எங்கள் வீட்டுக்கு வந்து பதில் சொல்லுங்கள் என்று. இனி இளக்காரம் யாருக்கும் இல்லை. ஜூன் எட்டாம் தேதி, ஆராதனை முடிந்து வருகிறார்கள். கோவில் வேறாயிற்றே என்று அப்பா முனகினால், இரண்டு கோவிலிலும் ஆண்டவர் ஒருவர்தான் என்று நான் சொன்னதாகச் சொல். அவர்கள் கேட்பதற்கு வாயைத் திறந்து பதில் சொல். ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

ஆசீருடன்,
அக்கா


பிரிக்பீல்ட்ஸ்,
9 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் நலம். அப்பா ரொம்பவே நலம், காலையிலிருந்து பாடிக்கொண்டிருக்கிறார்.

நேற்று வந்தார்கள். வனேசா, அவருடைய அம்மா, ஒரு சித்தப்பா. ஆன்டி என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டார். அப்பா முந்திக்கொண்டு ரயில்வே கதை பேச ஆரம்பித்தார். ஆன்டி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு அந்த பிளேட அறுத்துப் பாத்து, எங்க புள்ள சொன்னது தப்புன்னு தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். வனேசா தரையைப் பார்த்தார். நீ வாயைத் திறக்கச் சொல்லியிருந்தாய் அல்லவா, திறந்துவிட்டேன்.

"வேற வேல தேடியிருப்பேன் ஆன்டி," என்றேன். "வேற ஆளத் தேடியிருக்க மாட்டேன்."

ஆன்டி மடியிலிருந்த கைப்பையைக் கீழே இறக்கி வைத்தார். பிறகு தன் மகளைப் பார்த்து, "எழுந்து போய் மாமாவுக்குக் கோப்பி கலக்கிக் கொண்டா, இனிமே இது ஒன் வீடு" என்றார்.

தேதி குறித்ததும் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
கெல்வின்